‘அவ்வப்போது பார்த்துக்கொள்ளலாம்’ என்ற ஒரு வரி போதாது: பிரிந்த பெற்றோருக்கான குழந்தைப் பொறுப்பு வழிகாட்டி

"தகப்பனார் குழந்தையை அவ்வப்போது பார்த்துக்கொள்ளலாம்."

பரஸ்பர சம்மத விவாகரத்து மனுவில் கடைசிப் பத்திகளுக்கு நடுவே இந்த வரி வரும். சீர் சாமான் பட்டியலுக்கும் நகைக்கும் இரண்டு பக்கம் ஒதுக்கியவர்கள், குழந்தைக்கு இந்த ஒரு வரி போதும் என்று கையெழுத்துப் போட்டுவிட்டுக் கிளம்பிவிடுவார்கள். ஆறு மாதம் கழித்து அவர்களில் ஒருவர் என் ஆபீசில் வந்து உட்காருவார். "வக்கீலம்மா, அவ்வப்போதுன்னா எப்போ? மூணு ஞாயித்துக்கிழமையா போறேன், வீடு பூட்டிக் கிடக்கு."

தஞ்சை மாவட்டத்தில் குடும்ப வழக்குகள் பார்க்கிற வக்கீல் நான். இத்தனை வருடத்தில் எனக்குப் புரிந்தது, குழந்தை யாரிடம் இருக்கும் என்ற சண்டையைவிட, மற்றவர் எப்போது, எங்கே, எத்தனை மணிக்குப் பார்ப்பார் என்பதை எழுதாமல் விட்ட சண்டைதான் அதிகம். எங்கள் பக்கத்து விவசாயிக்கு இதை விளக்கவே வேண்டாம். மேட்டூர் திறந்தாயிற்று என்பதால் கடைமடைக்குத் தண்ணீர் வந்துவிடாது. வாய்க்காலில் முறை வைக்க வேண்டும். அந்த முறை வைக்கும் வேலைக்குத்தான் இந்தக் கட்டுரையில் அதிக இடம் கொடுத்திருக்கிறேன். அதற்கு முன்னால் சட்டத்தைக் கொஞ்சம் பார்த்துவிடலாம்.

முதலில் மூன்று சொற்கள்

காப்பாளர், கஸ்டடி, பார்க்கும் உரிமை. மூன்றும் வேறு வேறு. காப்பாளர் என்பவர் குழந்தை சார்பில் முடிவெடுக்கவும், அதன் சொத்து, பத்திரங்களைக் கையாளவும் சட்ட உரிமை உள்ளவர். கஸ்டடி என்றால் குழந்தை அன்றாடம் யார் வீட்டில் தூங்கி எழுந்து பள்ளிக்கூடம் போகிறது என்பது. கஸ்டடி இல்லாத பெற்றோருக்கு இருப்பது பார்க்கும் உரிமை. கோர்ட்டில் ‘விசிட்டேஷன்’ என்பார்கள். கஸ்டடி தாயிடம் போய்விட்டதால் தகப்பன் காப்பாளர் இல்லை என்று ஆகிவிடாது. பார்க்கும் உரிமை என்பதும் ஒருவர் மற்றவருக்குப் போடும் பிச்சை இல்லை. இரண்டு பேரின் அன்பும் குழந்தைக்குச் சேர வேண்டியது என்றுதான் உச்ச நீதிமன்றம் திரும்பத் திரும்பச் சொல்லிவருகிறது. 2020இல் யஷிதா சாகு வழக்கில், நேரில் பார்ப்பதோடு போனிலும் வீடியோ காலிலும் பேசும் உரிமையும் வேண்டும் என்று சொன்னது.

சட்டம் யார் பக்கம்?

யார் பக்கமும் இல்லை, குழந்தை பக்கம். 1890ஆம் வருடத்துக் காப்பாளர் மற்றும் காக்கப்படுவோர் சட்டம்தான் எல்லா மதத்தினருக்கும் பொதுவான அடிப்படை. அதன் 17ஆம் பிரிவு குழந்தையின் நலனைப் பார்க்கச் சொல்கிறது. இந்துக்களுக்கு இதோடு 1956ஆம் வருட இந்து இளவர் (18 வயது நிரம்பாதவர்) மற்றும் காப்பாளர் சட்டமும் உண்டு. அதன் 6ஆம் பிரிவு, தகப்பனும் அவருக்குப் பின் தாயும் இயற்கைக் காப்பாளர்கள் என்கிறது. ஆனால் 5 வயது முடியாத குழந்தை சாதாரணமாகத் தாயிடம் இருக்க வேண்டும் என்றும் சேர்த்துச் சொல்கிறது. அந்த ‘அவருக்குப் பின்’ என்பதற்கு ‘அவர் செத்த பின்’ என்று மட்டும் அர்த்தமில்லை, அவர் அக்கறையோ இருப்போ இல்லாத நிலையையும் அது குறிக்கும் என்று கீதா ஹரிஹரன் வழக்கில் 1999இல் தீர்ப்பானது.

இங்கே ஒரு வதந்தியை உடைத்துவிட வேண்டும். "அஞ்சு வயசு முடிஞ்சதும் புள்ள அப்பனுக்குப் போயிடும்" என்று சொல்லித் தாய்மாரைப் பயமுறுத்துகிறார்கள். அப்படி ஒரு சட்டம் கிடையாது. ஐந்துக்குப் பிறகு தாய்க்கு அந்தச் சாதாரண முன்னுரிமை இருக்காது, அவ்வளவே. அதன் பிறகும் நலன்தான் அளவுகோல். அதேபோல, சம்பளம் இல்லாத தாய்க்குக் குழந்தையைத் தர மாட்டார்கள் என்பதும் பொய். பணம் தகப்பனிடம் இருந்தால் பணத்தை அவர் கொடுக்கட்டும், குழந்தையைத் தாய் வளர்க்கட்டும் என்று சொல்லக் கோர்ட்டுக்கு அதிகாரம் உண்டு. மறுமணம் செய்துகொண்டால் உரிமை தானாகப் போய்விடும் என்பதும் அப்படித்தான். அது பார்க்கப்படும் விஷயங்களில் ஒன்று மட்டுமே.

கிறிஸ்தவக் குடும்பங்களுக்கு 1869ஆம் வருட விவாகரத்துச் சட்டத்திலேயே குழந்தை பற்றிய பிரிவுகள் இருக்கின்றன. முஸ்லிம் குடும்பங்களில் ‘ஹிஸானத்’ என்ற முறைப்படி சிறுவயதில் தாய்க்கு முதலிடம். எந்த வயது வரை என்பது மத்ஹபை, அதாவது அவர்கள் பின்பற்றும் சட்டப் பிரிவைப் பொறுத்து மாறும். ஹனஃபி முறையில் மகனுக்கு 7 வயது, மகளுக்குப் பருவம் எய்தும் வரை. ஜமாஅத்தில் பேசி எழுதிய காகிதம் நல்ல தொடக்கம்தான், ஆனால் கோர்ட்டைக் கட்டுப்படுத்தாது. காரைக்காலில், பிரெஞ்சுக் காலத்தில் பிரெஞ்சுச் சட்டத்தை ஏற்றுக்கொண்ட குடும்பங்கள் உண்டு. அவர்களுக்கு இந்துச் சட்டங்கள் பொருந்தாது; அங்கே உள்ளூர் வக்கீலைத்தான் கேட்க வேண்டும்.

கல்யாணமே ஆகவில்லை என்றால்

இந்தக் கேள்வியோடு வருபவர்களில் பாதிப் பேருக்கு உண்மையில் கல்யாணம் ஆகியிருக்கும். கோயிலில் தாலி கட்டியிருப்பார்கள், பதிவு செய்திருக்க மாட்டார்கள். தமிழ்நாட்டில் 2009ஆம் வருடச் சட்டப்படி திருமணப் பதிவு கட்டாயம் என்பது சரி; ஆனால் பதிவு இல்லாததால் மட்டும் நடந்த கல்யாணம் இல்லாமல் போய்விடாது. மாலை மாற்றியோ மோதிரம் மாற்றியோ செய்த சுயமரியாதைத் திருமணமும் 1967ஆம் வருடத் தமிழ்நாட்டுத் திருத்தத்தால் செல்லும். ஆகவே "பதிவு இல்லையே, உனக்கு ஒன்றும் கிடையாது" என்று யாராவது சொன்னால் நம்பிவிடாதீர்கள். பத்திரிகை, போட்டோ, அப்போது கூட இருந்த நாலு பேர் போதும், வாதாடலாம்.

இரண்டாவது வகை, மூத்த மனைவி உயிரோடு இருக்கும்போது நடந்த கல்யாணம். இந்துக்களுக்கு அது செல்லாது. ஆனால் அதில் பிறந்த குழந்தை, இந்துத் திருமணச் சட்டம் 16ஆம் பிரிவின்படி சட்டபூர்வமான குழந்தையே. பராமரிப்பு, பெற்றோர் சொத்தில் பங்கு, இரண்டும் அதற்கு உண்டு.

மூன்றாவது, உண்மையிலேயே கல்யாணம் ஆகாதவர்கள். 1956ஆம் வருட இந்துச் சட்டத்தின் 6ஆம் பிரிவு இங்கே தலைகீழ்: தாய்தான் முதல் இயற்கைக் காப்பாளர், அவருக்குப் பின்தான் தகப்பன். 2015இல் ஒரு கிறிஸ்தவத் தாயின் வழக்கில், தகப்பன் பெயரைச் சொல்லாமலும் அவருக்கு நோட்டீஸ் அனுப்பாமலும் தாய் காப்பாளராகலாம் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. திருமணமாகாத தாய் ஒரு உறுதிமொழிப் பத்திரம் கொடுத்தால் பிறப்புச் சான்றிதழ் தர வேண்டும் என்றும் அந்தத் தீர்ப்பிலேயே இருக்கிறது. பேரூராட்சி ஆபீசில் யாராவது அப்பா பெயர் இல்லாமல் முடியாது என்று அடம்பிடித்தால் அந்தத் தீர்ப்பின் நகலைக் காட்டுங்கள்.

கல்யாணம் ஆகாத தகப்பன் என்ன செய்வது? அவரும் மனு போடலாம், பார்க்கும் உரிமையும் கேட்கலாம். ஆனால் முதலில் தான் தகப்பன் என்று காட்ட வேண்டும். பிறப்புச் சான்றிதழில் பெயர், ஆஸ்பத்திரியில் போட்ட கையெழுத்து, மாதாமாதம் பணம் அனுப்பிய வங்கிக் கணக்கு எல்லாம் பேசும். டி.என்.ஏ. பரிசோதனையைக் கேட்டவுடன் கோர்ட் உத்தரவிடாது. ஒன்று தெரிந்துகொள்ளுங்கள்: அவர் தகப்பன் என்று நிலைநாட்டப்பட்டால், பராமரிப்புத் தொகையும் கூடவே வரும். பொறுப்பு வேண்டாம், பார்க்க மட்டும் வேண்டும் என்று வருபவர்களிடம் இதை நான் முதல் நாளே சொல்லிவிடுவது வழக்கம்.

பஞ்சாயத்துப் பத்திரம்

ஊர்ப் பெரியவர்கள் முன்னால் ஸ்டாம்ப் பேப்பரில் ‘அத்துவிட்டு’ எழுதிக்கொள்வது இன்னும் நிற்கவில்லை. கடற்கரைக் கிராமங்களில் ஊர்ப் பஞ்சாயத்து சொன்னால் அதற்கு மேல் பேச்சில்லை. அந்தப் பத்திரத்தில் "குழந்தை மேல் எனக்கு எந்தப் பாத்தியதையும் இல்லை" என்று ஒருவர் எழுதிக் கொடுத்திருப்பார். குழந்தை வீட்டுமனை இல்லை, எழுதிக் கொடுப்பதற்கு. அந்த வரி கோர்ட்டில் நிற்காது. அதே நேரம் அந்தப் பேப்பரைக் கிழித்தும் போடாதீர்கள். எந்தத் தேதியிலிருந்து பிரிந்திருக்கிறீர்கள், குழந்தை யாரிடம் இருந்தது என்பதற்கு அது ஒரு சாட்சி. அதில் இருவரும் ஒத்துக்கொண்ட நல்ல விஷயங்கள் இருந்தால் அவற்றையே மனுவாக்கிக் கோர்ட் உத்தரவாக வாங்கிக்கொள்ளலாம்.

ஒரு பையில் சேர்க்க வேண்டியவை

வக்கீலைப் பார்க்கும் முன் வீட்டிலேயே இதைச் செய்துவிடுங்கள். குழந்தையின் பிறப்புச் சான்றிதழ், ஆதார், தடுப்பூசி அட்டை, பள்ளியில் படிப்பதற்கான சான்று, கட்டண ரசீதுகள். யார் பள்ளியில் கொண்டுபோய் விடுகிறார், யார் பேரண்ட்ஸ் மீட்டிங்குக்குப் போகிறார், காய்ச்சல் வந்தால் யார் ஆஸ்பத்திரியில் உட்காருகிறார் என்பதைக் காட்டும் எந்தச் சீட்டும் உதவும். உங்கள் வருமானம்: சம்பளச் சீட்டு, இல்லையென்றால் நிலத்துக்கான சிட்டா, அடங்கல். கொள்முதல் நிலையத்தில் நெல் போட்ட பணம் வங்கிக் கணக்கில்தானே வருகிறது. எதிர்த் தரப்பு "எனக்கு வருமானமே இல்லை" என்று சொல்லும்போது அந்தப் பாஸ்புக் பேசும்.

வாட்ஸ்அப் செய்திகளை அழிக்காதீர்கள். அச்செடுத்துக் கொடுத்தால் மட்டும் போதாது, புதிய சாட்சியச் சட்டத்தின் 63ஆம் பிரிவுப்படி சான்று ஒன்றும் இணைக்க வேண்டும், வக்கீல் தயாரித்துவிடுவார். அப்புறம், குழந்தையைப் பேசவைத்து வீடியோ எடுப்பதை விட்டுவிடுங்கள். "அப்பா அடிச்சாருன்னு சொல்லு கண்ணு" என்று பின்னாலிருந்து ஒரு குரல் கேட்கும் வீடியோக்களை நான் பார்த்திருக்கிறேன், நீதிபதியும் பார்த்திருப்பார். எடுத்தவர் மேல்தான் அது விடியும்.

எந்தக் கோர்ட், எவ்வளவு செலவு

குழந்தை வழக்கமாக எங்கே வசிக்கிறதோ அந்த ஊர் எல்லையில்தான் காப்பாளர் மனு போட வேண்டும். 1890ஆம் வருடச் சட்டத்தின் 9ஆம் பிரிவு அது. தகப்பன் திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை செய்யலாம். குழந்தை பாபநாசத்தில் அம்மாச்சி வீட்டில் இருந்து படித்தால் தஞ்சை மாவட்டம்தான். நேற்று ராத்திரி காரில் தூக்கிக்கொண்டு போய் வேறு ஊரில் வைத்துக்கொண்டால் அதுவே வசிப்பிடம் ஆகிவிடாது. விவாகரத்து வழக்கு ஏற்கெனவே நடந்துகொண்டிருந்தால் தனி மனு தேவையில்லை. இந்துத் திருமணச் சட்டம் 26ஆம் பிரிவில் அந்த வழக்கிலேயே கேட்கலாம்.

மனு குடும்ப நல நீதிமன்றத்தில். அது இல்லாத இடத்தில் மாவட்ட நீதிமன்றத்தில். இந்தக் காப்பாளர் மனுவைக் கோர்ட் பாஷையில் ஜி.டபிள்யூ.ஓ.பி. என்பார்கள். வாய்தாச் சீட்டில் அந்த நம்பர்தான் இருக்கும், தொலைத்துவிடாதீர்கள். குடும்ப நல நீதிமன்றத்தில் வக்கீல் வைத்துக்கொள்வது தானாக வரும் உரிமை இல்லை. அனுமதி கேட்டு ஒரு மனு போட வேண்டும், பெரும்பாலும் கிடைத்துவிடும்.

காசு இல்லை என்று தயங்க வேண்டாம். 1987ஆம் வருடச் சட்டப்பணிகள் ஆணையச் சட்டப்படி எந்தப் பெண்ணுக்கும், எந்தக் குழந்தைக்கும் வருமானம் பார்க்காமல் இலவச வக்கீல் உண்டு. பட்டியல் இனத்தவருக்கும் பழங்குடியினருக்கும் அப்படியே. மற்ற ஆண்களில் பெரும்பாலோருக்கு வருமான வரம்பு இருக்கிறது. மாவட்ட நீதிமன்ற வளாகத்திலேயே மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழு ஆபீஸ் இருக்கும். தாலுகா கோர்ட்டுகளில் வட்டச் சட்டப்பணிகள் குழு. போனில் 15100.

வீட்டில் அடி, உதை இருந்தால் பாதை வேறு. மாவட்டச் சமூக நல அலுவலகத்தில் உள்ள பாதுகாப்பு அலுவலரிடமோ நேரடியாக மாஜிஸ்திரேட்டிடமோ 2005ஆம் வருடக் குடும்ப வன்முறைச் சட்டத்தில் மனு கொடுங்கள். 21ஆம் பிரிவில் குழந்தையைத் தற்காலிகமாக உங்கள் பொறுப்பில் விட உத்தரவு வாங்கலாம். ஆபத்து என்றால் பார்க்கும் உரிமையையே மாஜிஸ்திரேட் மறுக்கலாம். கல்யாணம் ஆகாமல் கணவன் மனைவி போலச் சேர்ந்து வாழ்ந்த பெண்களுக்கும் இந்தச் சட்டம் பொருந்தும். அவசரத்துக்குப் பெண்கள் உதவி எண் 181. குழந்தைக்கே ஆபத்து என்றால் 1098.

தீர்ப்பு வரும்வரை காத்திருக்காதீர்கள்

வழக்கு முடிய வருடக்கணக்காகலாம். மூன்று வயதில் பிரிந்த பிள்ளை, தீர்ப்பு வரும்போது ஆத்திசூடி ஒப்பித்துக்கொண்டிருக்கும். ஆகவே மூல மனு போட்ட அன்றே இடைக்கால மனுவும் போடுங்கள். 1890ஆம் வருடச் சட்டத்தின் 12ஆம் பிரிவு குழந்தையைக் கோர்ட்டில் ஆஜர்படுத்தவும் தற்காலிகப் பொறுப்பு கொடுக்கவும் வழி செய்கிறது.

அடுத்தது கவுன்சலிங். குடும்ப நல நீதிமன்றம் முதலில் சமரசத்துக்கு முயல வேண்டும் என்பது 1984ஆம் வருடக் குடும்ப நல நீதிமன்றச் சட்டத்தின் 9ஆம் பிரிவு. பலர் இதை ஒரு சடங்காக நினைத்து, "முடியாதுங்க" என்று இரண்டு வார்த்தையில் முடித்துவிட்டு வருகிறார்கள். அவர்களுக்கு நான் சொல்வது: சேர்ந்து வாழ முடியாது என்று சொல்லுங்கள், அது உங்கள் இஷ்டம். ஆனால் குழந்தையைப் பற்றிப் பேசாமல் எழுந்து வராதீர்கள். கவுன்சலர் முன்னால் உட்கார்ந்து கீழே சொல்கிற அட்டவணையைப் போட்டுக்கொண்டு வந்துவிட்டால் வழக்கில் முக்கால் பங்கு தீர்ந்தது.

முறை வைப்பது

தஞ்சாவூரில் ஒரு சனிக்கிழமை நடந்தது. உத்தரவில் "காலை 10 மணிக்குத் தஞ்சாவூர் பேருந்து நிலையத்தில் குழந்தையை ஒப்படைக்க வேண்டும்" என்று இருந்தது. தகப்பன் பழைய பேருந்து நிலையத்தில் நின்றார். தாய் புதிய பேருந்து நிலையத்தில் நின்றார். இரண்டுக்கும் நடுவே சில கிலோமீட்டர். ஒருவர் நம்பரை மற்றவர் பிளாக் செய்திருந்தார். பதினோரு மணிக்கு இருவரும் எனக்குப் போன் செய்து, மற்றவர் வரவில்லை என்று சத்தியம் செய்தார்கள். அதிலிருந்து, எந்தப் பேருந்து நிலையம், எந்தக் கடை வாசல் என்பது வரை எழுதச் சொல்கிறேன்.

முதலில் நாளும் நேரமும். ‘மாதம் இரண்டு முறை’ என்று எழுதாதீர்கள். ‘ஒவ்வொரு மாதமும் இரண்டாம், நான்காம் சனி காலை 10 மணி முதல் ஞாயிறு மாலை 5 மணி வரை’ என்று எழுதுங்கள். சனிக்கிழமை பள்ளி இருந்தால் எத்தனை மணிக்கு என்று அதற்கும் ஒரு வரி. வயதைப் பார்த்து முடிவெடுங்கள். கைக்குழந்தைக்கு அடிக்கடி, கொஞ்ச நேரம். வாரத்தில் இரண்டு நாள், இரண்டு மணி நேரம், தாய் பக்கத்திலேயே இருக்கலாம். பள்ளிக்கூடம் போகிற பிள்ளை ஓரிரவு தங்கிப் பழகட்டும். பதினாலு வயசுப் பெண்ணிடம் கேட்காமல் அட்டவணை போடவே கூடாது. டியூஷன், பரீட்சை, தோழி பிறந்தநாள் என்று அவளுக்கே ஒரு காலண்டர் இருக்கும்.

யார் கொண்டுவந்து விடுவது? இருவரும் நேருக்கு நேர் பார்த்தால் சண்டை வரும் என்றால் ஒரு ஆளைப் பெயர் சொல்லி எழுதுங்கள். அம்மாச்சியோ, சித்தப்பாவோ, இருவருக்கும் பொதுவான டீச்சரோ. போக்குவரத்துச் செலவு யாருடையது என்பதும் வேண்டும். வேதாரண்யத்திலிருந்து கும்பகோணம் வந்து போவது கூலி வேலை செய்பவருக்குச் சின்னச் செலவு இல்லை. எத்தனை நிமிடம் காத்திருப்பது? அரை மணி என்று வையுங்கள். வர முடியாவிட்டால் முதல் நாள் மாலைக்குள் செய்தி.

அப்புறம் மழை. ஐப்பசி, கார்த்திகையில் கலெக்டர் விடுமுறை விட்டால் பஸ்ஸும் ஓடாது. 2018 நவம்பரில் கஜா புயல் அடித்தபோது, வாரக்கணக்கில் கரண்டே இல்லாத ஊர்களில் எந்தத் தகப்பன் எந்தச் சனிக்கிழமை போயிருக்க முடியும்? ‘இயற்கைச் சீற்றத்தாலோ குழந்தையின் உடல்நலத்தாலோ தவறிய சந்திப்பு அடுத்த சனிக்கிழமை நடக்கும்’ என்று ஒரு வரி சேர்த்துவிட்டால் அந்த நாள் காணாமல் போகாது.

விடுமுறைகள். காலாண்டு, அரையாண்டு விடுமுறையை ஆளுக்கொன்றாகப் பிரிக்கலாம். முழு ஆண்டு விடுமுறையைப் பாதி பாதியாக. தீபாவளியை வருடம் மாற்றி வருடம். பொங்கல் எங்கள் பக்கம் சுலபம், நாலு நாள் இருக்கிறது: போகியும் பெரும்பொங்கலும் ஒருவரிடம், மாட்டுப் பொங்கலும் காணும் பொங்கலும் மற்றவரிடம். விவசாயக் குடும்பத்துத் தகப்பன் மாட்டுப் பொங்கலைத்தான் கேட்பார். கொடுத்துவிடுங்கள், பிள்ளைக்கும் கொம்புக்கு வர்ணம் அடிக்கிற வீடு அதுவாகத்தான் இருக்கும். ஆடிப்பெருக்கு, குலதெய்வம் கோயில் திருவிழா, வேளாங்கண்ணிக் கொடியேற்றம், நாகூர் கந்தூரி, ரம்ஜான் என உங்கள் குடும்பத்துக்கு எது பெரிய நாளோ அதை எழுதுங்கள்.

இதற்கடுத்து, எந்த மாதிரிப் படிவத்திலும் இல்லாத ஒன்று. மொட்டை, காதுகுத்து, மஞ்சள் நீராட்டு. பிரிந்த குடும்பங்களில் இதைப் போலப் பெரிய வெடிகுண்டு வேறு இல்லை. குலதெய்வம் தகப்பன் வழியில், மொட்டை அங்கேதான். ஆனால் காது குத்தும்போது பிள்ளை உட்கார வேண்டியது தாய்மாமன் மடியில். தாய்மாமனை அழைக்காமல் தகப்பன் வீட்டார் அவசரமாகக் காது குத்தியதும், சொல்லாமல் தாய் வீட்டில் மஞ்சள் நீராட்டியதும் மறுபடி வழக்காகி வந்திருக்கின்றன. ‘சடங்குகள் இரு தரப்புக்கும் 15 நாள் முன்னதாகத் தெரிவித்தே நடத்தப்படும், இரு தரப்பிலிருந்தும் இத்தனை பேர் கலந்துகொள்வர்’ என்று எழுதிக்கொள்ளுங்கள். சிரிப்பாக இருக்கலாம். எழுதியவர்களுக்குள் சண்டை வந்து நான் பார்த்ததில்லை.

போன்: வாரம் மூன்று நாள், இரவு 7 மணியிலிருந்து 7.30க்குள் வீடியோ கால், ஸ்பீக்கரில் பக்கத்தில் உட்கார்ந்து யாரும் ஒட்டுக்கேட்காமல். பள்ளி: இருவர் நம்பரும் பள்ளியில் இருக்க வேண்டும், ரேங்க் கார்டு இருவருக்கும் காட்டப்பட வேண்டும். உடம்புக்கு முடியாவிட்டால் உடனே தகவல். இவ்வளவும் எழுதினால் மூன்று பக்கம் வரும். வரட்டும்.

குழந்தையிடம் கேட்பார்களா?

கேட்பார்கள், விவரம் தெரிந்த பிள்ளையாக இருந்தால். இத்தனை வயது என்று சட்டத்தில் இல்லை. புரிந்து விருப்பம் சொல்லும் அளவுக்கு வளர்ந்திருந்தால் அதைக் கருத்தில் கொள்ளலாம் என்றே இருக்கிறது. நீதிபதி தன் அறையில் தனியாகப் பேசுவார். அந்த விருப்பம் மட்டுமே தீர்ப்பு ஆகாது. கோர்ட்டுக்குப் போகும் வழியில் ஐஸ்கிரீம் வாங்கிக் கொடுத்து மனப்பாடம் செய்ய வைப்பது எடுபடாது. சாப்பிட வையுங்கள், தூங்க வையுங்கள், பக்கத்தில் ஒரு கதைப்புத்தகம் இருக்கட்டும். கோர்ட் வராண்டாவில் நாள் முழுக்க உட்கார வேண்டியிருக்கும்.

பொய்யாகப் பாலியல் புகார் கொடுத்தால் மற்றவரை ஒரேயடியாக வெட்டிவிடலாம் என்று யாராவது யோசனை சொன்னால் அந்த ஆளை மறுபடி பார்க்காதீர்கள். உண்மையான சந்தேகம் இருந்தால் ஒரு நாள்கூடத் தாமதிக்காமல் புகார் கொடுங்கள். பொய்ப் புகாருக்குப் போக்சோ சட்டத்தின் 22ஆம் பிரிவில் தண்டனை உண்டு. அதைவிட, அந்த விசாரணையை உட்கார்ந்து அனுபவிக்கப்போவது உங்கள் பிள்ளை.

பணமும் பார்ப்பதும் வேறு வேறு

"பணம் தராதவருக்குப் பிள்ளையைக் காட்ட மாட்டேன்." "பிள்ளையைக் காட்டாதவளுக்குப் பணம் தர மாட்டேன்." இரண்டும் தப்பு. ஒன்று மீறப்பட்டால் அதற்குத் தனி மனு; இன்னொன்றை நிறுத்தக் கூடாது. குழந்தைக்கான பராமரிப்பைப் புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பி.என்.எஸ்.எஸ். 144ஆம் பிரிவில் மாஜிஸ்திரேட்டிடமோ குடும்ப நல நீதிமன்றத்திலோ கேட்கலாம். பழைய 125தான் இது, 2024 ஜூலை 1 முதல் எண் மாறியது. திருமணத்துக்கு வெளியே பிறந்த குழந்தைக்கும் உண்டு. ரஜ்னேஷ் – நேஹா வழக்கின் 2020ஆம் வருடத் தீர்ப்புக்குப் பிறகு இரு தரப்பும் சொத்து, கடன் விவரத்தை உறுதிமொழிப் பத்திரமாகக் கொடுக்க வேண்டும். தொகையும் மனு போட்ட தேதியிலிருந்து கணக்காகும். பாக்கியை வாரண்ட் மூலம் வசூலிக்க, தவணை விழுந்த ஒரு வருடத்துக்குள் மனு போட்டாக வேண்டும். தள்ளிப்போட்டுப் பணத்தை இழந்தவர்கள் நிறைய.

சம்பா அறுத்தால்தான் கையில் காசு என்கிற குடும்பத்தில் மாதத் தொகையைக் குறைவாக வைத்து, ஜூன் மாதப் பள்ளிக் கட்டணத்தைத் தகப்பன் நேராகப் பள்ளியில் கட்டுவது என்று எழுதினால் பெரும்பாலும் ஒழுங்காக நடக்கிறது.

சிங்கப்பூர், துபாய்

மன்னார்குடி, அதிராம்பட்டினம் பக்கம் இது இல்லாத வழக்கு குறைவு. வெளிநாட்டில் இருப்பவருக்கு ‘இரண்டாம் சனி’ பயன்படாது. லீவில் வரும் நாட்களில் தொடர்ச்சியாக இத்தனை நாள், ஒரு மாதம் முன்னதாக டிக்கெட் நகலோடு தகவல், மற்ற மாதங்களில் வீடியோ கால் என்று எழுத வேண்டும். குழந்தையை வெளிநாடு கூட்டிக்கொண்டு போய்விடுவார் என்ற பயம் இருந்தால், கோர்ட் அனுமதி இல்லாமல் எல்லை தாண்டக் கூடாது, பாஸ்போர்ட் கோர்ட்டில் இருக்க வேண்டும் என்று கேளுங்கள். குழந்தைக் கடத்தல் பற்றிய 1980ஆம் வருட ஹேக் ஒப்பந்தத்தில் இந்தியா சேரவில்லை. போன பிள்ளையைத் திருப்பிக் கொண்டுவருவது நீண்ட வேலை. போகும் முன் தடுப்பதே சுலபம்.

உத்தரவை மீறினால்

சொன்ன நேரத்துக்குச் சொன்ன இடத்துக்குப் போங்கள். அரை மணி நில்லுங்கள். கத்த வேண்டாம், கதவைத் தட்டி உடைக்க வேண்டாம். "வந்து காத்திருக்கிறேன்" என்று ஒரு செய்தி அனுப்புங்கள். பஸ் டிக்கெட்டை வைத்துக்கொள்ளுங்கள். எதிரே டீக்கடையில் ஒரு டீ குடித்து ஜிபேயில் காசு கொடுங்கள், நேரத்தோடு பதிவாகிவிடும். மூன்று முறை இப்படி ஆனால் கையில் ஆதாரம் தயார். அதே கோர்ட்டில் நிறைவேற்று மனு போடலாம்; கஸ்டடியையே மாற்றச் சொல்லியும் கேட்கலாம். 1890ஆம் வருடச் சட்டத்தின் 45ஆம் பிரிவில் ஆஜர்படுத்தாதவருக்கு 100 ரூபாய் வரை அபராதம் என்று இருக்கிறது. வெள்ளைக்காரன் காலத்து நூறு ரூபாய், சிரிக்காதீர்கள். அதே பிரிவில் சிவில் சிறையும் இருக்கிறது.

பிள்ளையைத் தூக்கிக்கொண்டு தலைமறைவாகிவிட்டால் உயர் நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனு. போலீஸ் "குடும்பப் பிரச்சினை, கோர்ட்டுக்குப் போங்க" என்றாலும் எழுத்தில் புகார் கொடுத்து, அதைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீது வாங்கிவிடுங்கள்.

மேல்முறையீடும் மாற்றமும்

குடும்ப நல நீதிமன்றத்தின் இறுதி உத்தரவுக்கு 30 நாளுக்குள் உயர் நீதிமன்றத்தில் மேல்முறையீடு. இங்கே ஊர் பார்த்துப் பஸ் ஏற வேண்டும். தஞ்சை, திருச்சி மாவட்டத்தார் மதுரைக் கிளைக்கு. திருவாரூர், நாகை, மயிலாடுதுறைக்காரர்கள் சென்னைக்கு. கும்பகோணத்தில் தீர்ப்பு வாங்கியவர் மதுரை போவார், சற்றுத் தள்ளியிருக்கும் குடவாசல்காரர் சென்னை போவார்.

எல்லா மாற்றத்துக்கும் மேல்முறையீடு தேவையில்லை. கஸ்டடி உத்தரவு கல்வெட்டு இல்லை. 1973இல் ரோசி ஜேக்கப் வழக்கில், சென்னையிலிருந்து போன வழக்கு அது, குழந்தையின் நலனுக்குத் தேவைப்பட்டால் இத்தகைய உத்தரவை எப்போதும் மாற்றலாம் என்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. பிள்ளை ஆறாம் வகுப்புக்கு வேறு ஊர் ஹாஸ்டலுக்குப் போகிறது, தாய்க்கு வேலை மாற்றம், தகப்பன் ஊர் திரும்பிவிட்டார் என்றால் அதே கோர்ட்டில் புதிய அட்டவணையோடு மனு போடுங்கள். மார்ச்சில் போட்டுவிடுங்கள். மே மாதம் கோர்ட்டுக்குக் கோடை விடுமுறை, ஜூனில் பள்ளி திறந்துவிடும்.